வரைபடம் யார் கையில், நடைபாதை யாருக்கு?

புனேயிலிருந்து அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்) செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ரஞ்சன்காவ். பக்தர்களுக்கு அது அஷ்டவிநாயகர் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயில் உள்ள ஊர். மூலதனத்துக்கு அது மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பெரிய தொழிற்பேட்டை. கார்களும் குளிர்சாதனப் பெட்டிகளும் அங்கே உற்பத்தியாகின்றன. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு 492.85 கோடி ரூபாய் மதிப்பிலான மின்னணு உற்பத்தித் தொகுப்பு ஒன்றையும் அங்கே அறிவித்தது. தொழிலாளிக்கோ ரஞ்சன்காவ் என்பது, நாள்தோறும் இருமுறை கடந்தாக வேண்டிய ஒரு சாலை.

வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் ரஞ்சன்காவிலும் பக்கத்து ஊரான காரேகாவிலும் வாடகை அறைகளில் தங்கியிருக்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளருக்கு நிறுவனத்தின் பேருந்து இருக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சிறு பட்டறைத் தொழிலாளிக்கும் பெரும்பாலும் கால்கள்தாம் வாகனம். நான்குவழி நெடுஞ்சாலையின் வண்டிப்பாதை மட்டுமே ஏறத்தாழ 15 மீட்டர் அகலம் இருக்கும். விநாடிக்கு ஒரு மீட்டர் நடப்பவருக்கு அதைக் கடக்க 15 விநாடிகள் வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அதே 15 விநாடிகளில் 330 மீட்டருக்கு மேல் பாய்ந்துவிடும். எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ நின்று உழைத்த கால்கள் இந்தக் கணக்கை இருட்டில், கண்ணைக் கூசவைக்கும் முகப்பு விளக்குகளுக்கு எதிரே நின்று போட வேண்டியிருக்கிறது.

நகரங்களை நடப்பதற்கு உகந்தவையாக மாற்ற வரைபடத் தரவுகளைப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. செயற்கைக்கோள் படம், கைப்பேசியின் இருப்பிடத் தகவல், கணினி ஆய்வு ஆகியவற்றைக் கொண்டு எந்த வீதியில் நடைபாதை இல்லை, எந்தச் சந்திப்பு ஆபத்தானது என்று கண்டறியலாம் என்கிறார்கள். இது உண்மையே. இந்தத் தொழில்நுட்பத்தை இடதுசாரிகள் சந்தேகத்தோடு ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரைபடத்தை யார் வரைகிறார்கள், எதை எண்ணுகிறார்கள், வரைந்தபின் அது யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகளை நாம் எழுப்பியாக வேண்டும்.

எண்ணப்படுவதும் எண்ணப்படாததும்

டாம்டாம் என்ற பன்னாட்டு வரைபட நிறுவனம் ஆண்டுதோறும் உலக நகரங்களின் போக்குவரத்து நெரிசலை அளந்து வெளியிடுகிறது. அதன் 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில் புனே உலகில் நான்காவது இடத்தில் இருந்தது. அங்கே ஒரு கார் 10 கிலோமீட்டர் செல்லச் சராசரியாக 33 நிமிடம் 22 விநாடி ஆகிறதாம். கார் வைத்திருப்பவர் இழக்கும் காலம் விநாடிக் கணக்கில் அளக்கப்படுகிறது; நாளிதழ்களில் தலைப்புச் செய்தியாகிறது; மேம்பாலங்களுக்கு நியாயமாகிறது. தொழிற்சாலை வாயிலுக்கு எதிரே சாலையைக் கடக்க ஒரு பெண் தொழிலாளி எத்தனை நிமிடம் காத்து நிற்கிறார் என்பதற்கு இப்படியொரு பட்டியல் உண்டா? அவருடைய காலத்தை அளப்பதால் யாருக்கும் இலாபம் இல்லை என்பதே அது இல்லாததற்குக் காரணம்.

2022 ஜூலையில் கூகுள் நிறுவனம் இந்திய நகரங்கள் பத்தின் வீதிக்காட்சிப் படங்களை வெளியிட்டது. புனே, அகமதுநகர் இரண்டுமே அந்தப் பத்தில் உண்டு, சென்னையும் உண்டு. இத்தகைய படங்கள் பெரும்பாலும் கார்களின் கூரையில் பொருத்திய கேமராக்களால் எடுக்கப்படுபவை. சாலையின் நடுவிலிருந்து பார்க்கும் கண் அது. உடைந்த வடிகால் மூடியின்மேல் கைக்குழந்தையோடு கால் வைப்பவரின் கண் வேறு. வழிகாட்டும் செயலிகளும் அப்படியே. வரைபடத்தில் ஒரு கோடு இருந்தால் அதில் நடக்க முடியும் என்று எடுத்துக்கொண்டு அவை நேரம் சொல்கின்றன. அந்தக் கோட்டின் ஓரத்தில் நடைபாதை உண்டா, விளக்கு எரிகிறதா என்பது அந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை.

நடப்பவர்கள் சிறுபான்மையினர் அல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேளாண்மை சாராத ஏறத்தாழ 20 கோடித் தொழிலாளர்கள் வேலைக்குச் செல்லும் விதத்தைப் பதிவு செய்தது. அவர்களில் சுமார் 4.5 கோடிப் பேர் நடந்தே வேலைக்குச் சென்றார்கள். பேருந்து நிறுத்தம் வரை நடப்பவர்களும் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளும் இந்த எண்ணிக்கையில் சேரவில்லை. இத்தனை கோடிப் பேரின் பாதை தேசத்தின் வரைபடத்தில் ஒரு மெல்லிய கோடாகக்கூட இல்லை.

பிணம் விழுந்தபின் சிவக்கும் புள்ளி

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2018-இல் சாலை விபத்துகளில் கொல்லப்பட்ட பாதசாரிகள் 22,656 பேர். 2022-இல் அது 32,825 ஆனது. அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர். அந்த ஆண்டு சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர்.

அரசிடமும் ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் ஆபத்தான இடங்களுக்குக் ‘கரும்புள்ளி’ என்று பெயர். தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடம் கரும்புள்ளி ஆக வேண்டுமென்றால், சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். நான்கு விபத்துகள் நடந்த இடம் இந்த வரையறைக்குள் வராது. உயிருக்கு அஞ்சி மக்கள் ஒரு கிலோமீட்டர் சுற்றிச் செல்லும் இடமும் வராது. அங்கே யாரும் சாகவில்லை அல்லவா! உழைப்பாளியின் உயிரைக் கொடுத்தே அந்த வரைபடத்தில் ஒரு புள்ளி வாங்க வேண்டியிருக்கிறது.

விபத்துகளை இருப்பிடத்தோடு பதிவு செய்யும் ஒருங்கிணைந்த தரவுத்தளமும் நாட்டில் செயல்படுகிறது. அதை உருவாக்கியது சென்னை ஐஐடி. மகாராஷ்டிரமும் தமிழ்நாடும் அது முதலில் தொடங்கப்பட்ட ஆறு மாநிலங்களில் அடங்கும். காவலர் விபத்து நடந்த இடத்திலேயே கைப்பேசியில் பதிவு செய்கிறார். தரவு இருக்கிறது; தொழில்நுட்பம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் வரைபடமாக, தெருமுனையில் நின்று மக்கள் விவாதிக்கும் செய்தியாக அது வந்து சேர்வதில்லை.

மாநகர எல்லையோடு முடியும் அக்கறை

புனே மாநகராட்சி 2016-இல் நகர வீதி வடிவமைப்பு நெறிமுறைகளையும் பாதசாரிகளுக்கான கொள்கை ஒன்றையும் வகுத்தது. ஜங்லி மகராஜ் சாலையில் அகலமான நடைபாதை, அமர இருக்கை, மரநிழல் எல்லாம் வந்தன. சென்னையின் பாண்டி பஜாரில் 2019-இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம் போல, இதுவும் வரவேற்க வேண்டிய பணியே. விரும்பினால் நம் பொறியாளர்களால் செய்ய முடியும் என்பதற்கு இவை சான்று.

ஆனால் இவை எந்த வீதிகளில் வந்தன? கடைவீதிகளிலும் நகர மையங்களிலும். அதே 2016-இல் பிரதமர் புனேயில் பொலிவுறு நகரத் திட்டப் பணிகளைத் தொடங்கிவைத்தார். அந்தத் திட்டத்துக்கென்று அமைக்கப்பட்டது ஒரு தனி நிறுவனம். வீதிகளைப் பற்றிய முடிவு மாமன்றத்திலிருந்து நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு நகர்ந்தது. 2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்தபின், மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் புனே மக்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இருக்கவில்லை. தரவு ஒருபுறம் குவிந்தது. அதை வைத்துக் கேள்வி கேட்கும் மன்றம் மறுபுறம் மூடிக் கிடந்தது.

ரஞ்சன்காவோ மாநகராட்சி எல்லைக்கு வெகு அப்பால் இருக்கிறது. உள்சாலைகள் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு உரியவை. நெடுஞ்சாலை வேறொரு துறைக்கு உரியது. குடியிருப்புகள் கிராம ஊராட்சிக்குள் வருகின்றன. தொழிலாளி தன் அறையிலிருந்து ஆலை வாயில் வரை நடக்கும் ஒரே பாதையில் மூன்று அதிகார எல்லைகள் குறுக்கிடுகின்றன. நடைபாதை மூன்றில் எதன் பொறுப்பு என்று கேட்டால், ஒவ்வொன்றும் மற்ற இரண்டைக் கைகாட்ட வழியிருக்கிறது. இது ஓர் ஊரின் கதையன்று. நகரத்தன்மை பெற்றும் நகராட்சி ஆகாத ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ 2001-இல் 1,362 இருந்தன. 2011-இல் அவை 3,894 ஆயின. ஒரகடத்தையும் சுங்குவார்சத்திரத்தையும் ஓசூரின் புறவட்டாரத்தையும் அறிந்த தமிழகத் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் வரைந்த வரைபடங்கள்

வரைபடத்தை மாற்றிப் பிடிக்கும் வேலையை நம் இயக்கம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த எங்கெல்ஸ், மான்செஸ்டர் நகரின் சந்துகளில் கால்நடையாகச் சுற்றினார். 1845-இல் வெளியான ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை’ என்ற நூலில் அந்த நகரின் அமைப்பையே ஓர் ஆவணமாக்கினார். பெருஞ்சாலைகளின் இருபுறமும் கடைகள் வரிசையாக நிற்பதால், செல்வந்தர்கள் தம் மாளிகையிலிருந்து அலுவலகத்துக்கு நாள்தோறும் சென்றுவந்தாலும் பின்னால் இருக்கும் தொழிலாளர் குடியிருப்புகளின் துயரம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை என்று காட்டினார். நடந்து பார்த்ததால் கிடைத்த அறிவு அது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1960-களின் இறுதியில் புவியியலாளர் வில்லியம் பங்கியும் கறுப்பின இளம்பெண் க்வெண்டலின் வாரனும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு இயக்கத்தை நடத்தினர். நகர மையத்துக்கும் வெள்ளையர்களின் புறநகருக்கும் இடையே விரையும் கார்கள், வழியிலிருந்த கறுப்பினக் குடியிருப்புகளின் குழந்தைகளை எங்கெங்கே மோதிக் கொன்றன என்று 1971-இல் ஒரு வரைபடம் வெளியிட்டனர். அதற்குத் தேவையான தகவல் காவல்துறையிடம் இருந்தது, எளிதில் தரவில்லை. அரசியல் அழுத்தம் கொடுத்தே அதைப் பெற வேண்டியிருந்தது. தனித்தனி விபத்துகளாகக் கிடந்த மரணங்கள், ஒரே தாளில் புள்ளிகளாக விழுந்தபோது இனவெறியின் தடமாகத் தெரிந்தன.

நம் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டத்தின் கல்லியாசேரி ஊராட்சியில், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தொண்டர்கள் புவி அறிவியல் ஆய்வு மைய அறிவியலாளர்களின் வழிகாட்டுதலில் ஊரின் நிலத்தையும் நீரையும் வளங்களையும் நடந்தே வரைபடமாக்கினார்கள். அந்த வரைபடம் அலமாரிக்குள் போகவில்லை. ஊரின் வளர்ச்சித் திட்டமாக மாறியது. 1996-இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்கு இத்தகைய அனுபவங்களே அடித்தளம். மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. வரைபடமும் நிதியும் முடிவெடுக்கும் அதிகாரமும் ஒரே இடத்தில் சேர்ந்தன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீணாகிவிடும் என்பதே கல்லியாசேரி தரும் பாடம்.

நடைபாதை வியாபாரி நம் எதிரி அல்ல

‘நடப்பதற்கு உகந்த நகரம்’ என்ற முழக்கத்தில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. நடைபாதையை மீட்கிறோம் என்று சொல்லி அதிகாரிகள் முதலில் அகற்றுவது தள்ளுவண்டியைத்தான். நடைபாதையில் நிறுத்திய கார், விளம்பரத் தட்டி, மின்மாற்றி, கடைக்காரர் இழுத்துக் கட்டிய படிக்கட்டு எல்லாம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இந்தியச் சாலைப் பேரவையின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறை, குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி நடப்பதற்கு இருக்க வேண்டும் என்கிறது. அந்த அகலத்தை விட்டு, வியாபாரிக்கும் இடம் ஒதுக்க முடியும். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்குக் குறைந்தது 40 சதவீத இடம் வேண்டும் என்கிறது. இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண்ணுக்கு, எரியும் விளக்கோடு திறந்திருக்கும் ஒரு தேநீர்க் கடை, எத்தனையோ கண்காணிப்புக் கேமராக்களைவிடப் பாதுகாப்பு. நாம் வரையும் வரைபடத்தில் தேநீர்க் கடை தடையாகக் குறிக்கப்படக் கூடாது. துணையாகக் குறிக்கப்பட வேண்டும்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது

கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே 14 அன்று உச்சநீதிமன்றம் முக்கியமான கருத்தொன்றைச் சொன்னது. தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. ஈஎஸ்ஐ சட்டத்தில் 2010-இல் சேர்க்கப்பட்ட திருத்தமும் கவனத்துக்குரியது. வேலைக்குச் செல்லும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்து, சூழலும் நேரமும் இடமும் வேலையோடு தொடர்புடையவை என்று நிறுவப்பட்டால், வேலையின்போது நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். அதாவது, அறைக்கும் ஆலைக்கும் இடையே உள்ள பாதையை வேலையின் தொடர்ச்சியாகச் சட்டமே ஏற்கிறது. அந்தப் பாதையின் பாதுகாப்பைக் கூலி உயர்வுக் கோரிக்கையோடும் பணி நிரந்தரக் கோரிக்கையோடும் தொழிற்சங்கங்கள் ஏன் முன்வைக்கக் கூடாது?

ஒரு கிளை, ஒரு ஞாயிறு, ஒரு கிலோமீட்டர்

இதற்குப் பெரிய நிதியோ மென்பொருள் நிறுவனமோ தேவையில்லை. ஐந்தாறு தோழர்கள், ஓர் அளவு நாடா, ஒரு கைப்பேசி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஓர் ஆலை வாயிலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையோ நியாயவிலைக் கடை வரையோ ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்தெடுப்போம். 50 மீட்டருக்கு ஒருமுறை நின்று குறித்துக்கொள்வோம்: நடைபாதை உண்டா, தடையற்ற அகலம் எவ்வளவு, ஏறி இறங்கும் விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, வடிகால் மூடி உடைந்துள்ளதா, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, நிழல் எங்கே, கழிப்பறை எங்கே.

பிறகு பணிமுறை மாறும் நேரத்தில் மீண்டும் செல்வோம். 15 நிமிடங்களில் எத்தனை பேர் சாலையைக் கடக்கிறார்கள், ஒருவர் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று கடிகாரத்தை வைத்து எண்ணுவோம். எந்த இடத்தில் அச்சம் தோன்றுகிறது என்பதைப் பெண் தொழிலாளர்களே குறிக்கட்டும். மாற்றுத்திறனாளித் தோழரின் சக்கர நாற்காலி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு சிவப்புக் குறி விழட்டும். யாருடைய பெயரும் கைப்பேசி எண்ணும் வேண்டாம். நமக்குத் தேவை பாதையைப் பற்றிய தகவல். நடப்பவர்மீதான உளவு அல்ல.

திரட்டியதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தவும் பயன்படுத்தவும் கூடிய பொது வரைபடத்தில் ஏற்றலாம். பெருநிறுவனங்களும் அதைப் பயன்படுத்துகின்றன என்பதை நினைவில் கொள்வோம்; ஆனாலும் அது ஒருவரின் தனிச்சொத்தாக முடியாது. கூடவே ஒரு பெரிய தாளிலும் வரைந்து தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டுவோம். ‘இங்கே ஒரு பள்ளம் விட்டுப்போச்சு’ என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்தத் திருத்தத்திலிருந்து உரையாடல் தொடங்கும். உரையாடலிலிருந்து அமைப்பு வளரும்.

கோரிக்கைகளும் தெளிவாக இருக்க வேண்டும். விபத்துத் தரவுத்தளத்தில் உள்ள இருப்பிடத் தகவலை, தனிநபர் அடையாளங்களை நீக்கி, ஊராட்சி வாரியாக வெளியிட வேண்டும். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்போம். பிணங்களை எண்ணிக் கரும்புள்ளி வைக்கும் முறையை மாற்றி, நடப்போரின் எண்ணிக்கையையும் ஆபத்தையும் முன்கூட்டியே அளக்க வேண்டும். தொழிற்பேட்டைகளில் சாலை போடும் செலவிலேயே நடைபாதையும் விளக்கும் கடக்கும் வசதியும் சேர்க்கப்பட வேண்டும். முதலீட்டாளருக்கு நிலமும் மின்சாரமும் சலுகையாகத் தரும் அரசு, தொழிலாளிக்கு 1.8 மீட்டர் இடம் தர முடியாது என்று சொல்ல நியாயம் இல்லை.

மே 1 அன்று தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் கிராம சபைகள் கூடுகின்றன. எட்டு மணி நேர வேலைக்காக உயிர்நீத்தவர்களின் நாள் அது. அந்த எட்டு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் தொழிலாளி நடக்கும் பாதையின் வரைபடத்தை அந்தச் சபையில் விரிப்போம். தீர்மானமாக்கி நிறைவேற்றுவோம், நிறைவேறும் வரை விடாமல் பின்தொடர்வோம். ரஞ்சன்காவிலானாலும் ஒரகடத்திலானாலும் வீடு திரும்பும் கால்களுக்கு ஒரு பாதை வேண்டும். அதை நடப்பவர்களே வரையட்டும்.